பாதியில் நின்ற முள்: புதூர்நாட்டு ஜீப்பில் ஒரு பெட்ரோல் மீட்டரைக் கழற்றிய கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க வண்டியில பெட்ரோல் மீட்டர் கெட்டுப் போச்சு. ரெண்டு விதமா கெடலாம். ஒண்ணு, முள் எப்பவும் காலியிலேயே படுத்துக் கிடக்கும். இன்னொண்ணு, முள் எப்பவும் பாதியிலேயே நிக்கும். இந்த ரெண்டுல எது ஆபத்து?

யோசிச்சுப் பாருங்க. காலியில படுத்த முள்ளை நீங்க நம்பவே மாட்டீங்க. "அது செத்துப் போச்சுப்பா"ன்னு சொல்லிட்டு மூடியைத் திறந்து பார்ப்பீங்க, வண்டியை ஆட்டிப் பார்ப்பீங்க, சந்தேகத்துல கொஞ்சம் கூடவே போட்டு வைப்பீங்க. பாதியில நிக்கிற முள் அப்படி இல்ல. அது நம்பக்கூடிய ஒரு பொய்யைச் சொல்லுது. பாதி டேங்க் என்பது எந்த வண்டியிலும் சாதாரணமான விஷயம்தானே? சந்தேகமே வராது.

சாஃப்ட்வேர்ல வேலை செய்றவங்களுக்கு இது உடனே புரியும். சர்வரைக் கண்காணிக்கிற திரை கருப்பாப் போச்சுன்னா எல்லாரும் ஓடி வருவாங்க. அதே திரை மூணு மணி நேரத்துக்கு முந்தைய பச்சை நிறத்தையே காட்டிக்கிட்டு நின்னா, டீ குடிக்கப் போயிடுவாங்க. பிரச்சினை ரெண்டாவது இடத்துலதான் பெருசாகும்.

இன்னைக்கு எபிசோட் அப்படிப் பாதியில நின்ன ஒரு முள்ளைப் பத்தி. அது இருந்த இடம் ஜவ்வாது மலை, புதூர்நாடு. இருந்த வண்டி, 50 வயசு தாண்டின ஒரு பெட்ரோல் ஜீப்.

மலையும் ஜீப்பும்

புதூர்நாடு எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: திருப்பத்தூர் மாவட்டம். 2019-ல வேலூர் மாவட்டத்தைப் பிரிச்சப்போ உருவான மாவட்டம் அது. கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு பகுதிதான் ஜவ்வாது மலை. அதுல புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடுன்னு மூணு நாடுகள் திருப்பத்தூர் பக்கம் வரும். பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்ற ஊர்கள். கேரளாவோட குழப்பிக்காதீங்க, மலையை ஆள்றவங்க என்கிற பொருள்ல வந்த பேர், பேசுறது தமிழ். சாமை, புளி, பலா இதெல்லாம் அந்த மலையோட விளைச்சல். இதே மலைத்தொடர்லதான் காவலூர் வானாய்வு மையமும் இருக்கு, 1986-ல 2.3 மீட்டர் தொலைநோக்கி வெச்ச இடம்.

என் ஆபீஸ் நண்பனுக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம். அவனோட பெரியப்பா வீட்டுலதான் இந்த ஜீப். நானும் அவரைப் பெரியப்பான்னுதான் கூப்பிடுறேன், அதனால இங்கயும் அப்படியே சொல்றேன்.

ஜீப்போட வம்சத்தை ஒரு நிமிஷம் பார்த்துடலாம். மஹிந்திரா கம்பெனி தொடங்கினது 1945-ல. 40-களோட கடைசியிலேயே அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை பாகங்களா வரவெச்சு பம்பாயில பூட்டி விக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் உள்நாட்டிலேயே செய்ய ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல போலீஸ், ஃபாரஸ்ட், பி.டபிள்யூ.டி., எஸ்டேட்டுன்னு எல்லா இடத்துலயும் ஓடினது பெரும்பாலும் சிஜே-3பி மாடல். அமெரிக்காவுல அது 1953-ல வந்து 1968-ல நின்னு போச்சு, இங்க அதுக்குப் பிறகும் ஓடுச்சு. பானெட் மட்டும் தூக்கலா, நெத்தி மேடு மாதிரி இருக்கும். காரணம் அழகுக்காக இல்ல. உள்ள இருக்கிற 2.2 லிட்டர் இன்ஜின்ல இன்டேக் வால்வு தலைக்கு மேல போனதால இன்ஜின் உயரமாயிடுச்சு, பானெட்டும் கூடவே உயர்ந்துச்சு.

இந்த எபிசோடுக்குத் தேவையான முக்கியமான விவரம் ஒண்ணு இருக்கு. இந்த ஜீப்ல பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில. சுமார் 40 லிட்டர் பிடிக்கும். அதாவது 40 லிட்டர் பெட்ரோல் மேல உட்கார்ந்துதான் ஓட்டணும். கழற்றும்போது இதை ஒரு நொடி கூட மறக்கக் கூடாது.

குச்சி என்கிற மீட்டர்

மீட்டர் பல வருஷமா பாதியிலயே நிக்குது. அப்போ பெரியப்பா எப்படி வண்டி ஓட்டினார்? ஒரு மூங்கில் குச்சி. சீட்டுக்குப் பின்னால செருகி வெச்சிருப்பார். அதுல கத்தியால கீறின வெட்டுகள் இருக்கும். டேங்க் வாயில விட்டு எடுத்தா, நனைஞ்ச இடம் எந்த வெட்டு வரைக்கும்னு பார்ப்பார்.

நான் கேட்டேன், "ஒரு வெட்டுக்கு எத்தனை லிட்டர் பெரியப்பா?"

"லிட்டரா? அதெல்லாம் தெரியாது தம்பி. ஒரு வெட்டு இருந்தா திருப்பத்தூர் போய்ட்டு மேல வந்துடலாம். ரெண்டு வெட்டுன்னா ரெண்டு நடை."

எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது. அந்தக் குச்சியோட அலகு லிட்டர் இல்ல, நடை. ஓட்டுறவருக்குத் தெரிஞ்சாக வேண்டியது அது ஒண்ணுதான்.

அலகு எவ்வளவு முக்கியம்னு விமான உலகத்துல ஒரு பெரிய கதை இருக்கு. 1983 ஜூலை 23, ஏர் கனடா 143-ம் விமானம், போயிங் 767. அந்த விமானத்துல பெட்ரோல் மீட்டர், அதாவது எரிபொருள் அளவு காட்டுற கருவி, வேலை செய்யல. அதனால டேங்க்ல குச்சி அளவு எடுத்து, கணக்குப் போட்டு நிரப்பினாங்க. கனடா அப்போதான் பவுண்டுல இருந்து கிலோவுக்கு மாறிட்டு இருந்த காலம். 22,300 கிலோ வேணும். ஆனா லிட்டரை எடையா மாத்தும்போது கிலோவுக்கான எண்ணுக்குப் பதிலா பவுண்டுக்கான எண்ணால பெருக்கிட்டாங்க. விளைவு, தேவையில பாதிக்கும் குறைவான எரிபொருளோட விமானம் கிளம்பிடுச்சு. நடு வானத்துல ரெண்டு இன்ஜினும் நின்னு போச்சு. கேப்டன் ராபர்ட் பியர்சன் அதை கிளைடர் மாதிரி மிதக்க விட்டு, கிம்லி என்கிற ஊர்ல பழைய விமானப்படைத் தளத்துல இறக்கினார். 69 பேரும் பிழைச்சாங்க.

குச்சி அங்கயும் சரியாத்தான் அளந்தது. அளந்ததைப் படிச்ச கணக்குலதான் தப்பு. பெரியப்பா குச்சியில அந்தக் கணக்கே கிடையாது. அதனால பெருக்குறதுக்கும் எதுவும் இல்ல, தப்பு வர்றதுக்கும் இடம் இல்ல.

அப்படின்னா மீட்டரை ஏன் சரி பண்ணணும்? காரணம் பெரியப்பாவோட பொண்ணு. நண்பனுக்குத் தங்கச்சி. இப்போ வண்டியை அவளும் ஓட்டுறா. அந்தக் குடியிருப்புல ராத்திரி யாருக்காவது முடியலன்னா, பிரசவ வலின்னா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு அது வர்ற வரைக்கும் காத்திருக்காம பாதி வழிக்காவது இந்த ஜீப்ல இறக்கிடுவாங்க. காசு வாங்குறது இல்ல. பெட்ரோல் மட்டும் யாராவது போடுவாங்க. இருட்டுல, மழையில, பின்னால ஒருத்தர் வலியில கத்திக்கிட்டு இருக்கும்போது, சீட்டைத் தூக்கிக் குச்சி விட்டுப் பார்க்கிற பொறுமை யாருக்கு இருக்கும்? கண்ணு தானா மீட்டருக்குப் போகும். மீட்டர் பாதின்னு சொல்லும்.

அவ சொன்னது இதுதான்: "அண்ணா, ஒண்ணு இதைச் சரி பண்ணுங்க, இல்லன்னா கழட்டி எறிஞ்சிடுங்க. பொய் சொல்ற மீட்டருக்கு ஓட்டையே மேல்."

முள் எப்படி நகருது?

கழற்றுறதுக்கு முன்னாடி இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். பழைய வண்டிகள்ல பெட்ரோல் மீட்டர் என்பது மூணு பொருள். டேங்க்ல ஒரு மிதவை, நடுவுல ஒரு ஒயர், மீட்டர் போர்டுல ஒரு முள்.

மிதவை பெட்ரோலோட மேல கீழ போகும். அதோட கை ஒரு மின்தடைச் சுருள் மேல தேய்ச்சுக்கிட்டே நகரும். அளவு மாறினா ஓம் மாறும். ஓம் மாறினா ஒயர்ல ஓடுற கரண்ட் மாறும். அந்தக் கரண்ட்டை முள் காட்டும்.

முள் பக்கம் ரெண்டு வகை உண்டு. முதல் வகையில ரெண்டு காயில், நடுவுல ஒரு சின்ன இரும்பு. ரெண்டு காயிலும் அதை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். சாவி போட்டதும் முள் சட்டுனு துள்ளும். ரெண்டாவது வகை பைமெட்டல். வெவ்வேறு அளவுல விரியுற ரெண்டு உலோகத்தை ஒட்டின ஒரு பட்டை, அது மேல ஒரு ஹீட்டர் கம்பி. கரண்ட் ஓடினா சூடாகும், சூடானா வளையும், வளைஞ்சா முள்ளைத் தள்ளும். அதனால இதுல முள் மெதுவா ஏறும்.

இந்த மெதுவான குணம் மலை ரோட்டுக்கு ஒரு வரம். கொண்டை ஊசி வளைவுல பெட்ரோல் டேங்க்குக்குள்ள ஒரு பக்கமா ஓடும், மிதவை ஆடும். பைமெட்டல் அந்த ஆட்டத்தையெல்லாம் சராசரி பண்ணிட்டு அமைதியாக் காட்டும். அப்படி இருந்தும், ஏத்தத்துல பார்க்கிற அளவை நம்பாதீங்க. சமதளத்துல நிறுத்திப் பார்க்கிறதுதான் அளவு.

யார் குற்றவாளி?

பலர் நேரா மீட்டரைக் கழட்ட ஆரம்பிச்சிடுவாங்க. வேண்டாம். மூணு பேர்ல யார் குற்றவாளின்னு முதல்ல கண்டுபிடிங்க. கழற்றுறது பழைய வண்டிக்கு ஒரு ஆபரேஷன் மாதிரி, தேவை இல்லாம செய்யக் கூடாது.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். சாவியை எடுத்துட்டுக் காத்திருங்க. பைமெட்டல் வகையா இருந்தா, கரண்ட் இல்லாதப்போ பட்டை ஆறி, முள் காலிக்கு வந்தாகணும். பெரியப்பா ஜீப்ல இருந்தது பைமெட்டல்தான். சாவியை எடுத்தோம், பேட்டரி ஒயரையும் எடுத்தோம், டீ குடிச்சுட்டு வந்தோம். முள் அதே பாதியில. அப்போ இது கரண்ட் பிரச்சினை இல்ல, முள் எங்கயோ சிக்கி நிக்குது. ஒரு எச்சரிக்கை: காயில் வகையில இந்தச் சோதனை செல்லாது. சாவியை எடுத்தாலும் சில மீட்டர்கள்ல முள் நின்ன இடத்துலயே நிக்கும்.

ரெண்டாவது சோதனை டேங்க் மிதவைக்கு. பேட்டரி ஒயர் கழட்டினபடியே இருக்கட்டும். மிதவையோட டெர்மினல்ல வர்ற ஒயரை எடுத்துட்டு, டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சு ஓம் பாருங்க. நாங்க கேன்ல இருந்து அஞ்சு லிட்டர் ஊத்தி, மூடியைப் போட்டுட்டுத் திரும்பப் பார்த்தோம். ஓம் மாறியிருந்தது. இன்னும் அஞ்சு ஊத்தினோம், அதே திசையில திரும்ப மாறுச்சு. மிதவை உயிரோட இருக்கு. டேங்க்கைத் திறக்கவே வேண்டாம். அது பெரிய நிம்மதி.

மூணாவது, ஒயர். பல கையேடுகள்ல "மிதவை ஒயரைக் கழட்டி எர்த்ல தொடுங்க, முள் நகருதான்னு பாருங்க"ன்னு இருக்கும். சரியான சோதனைதான். பைமெட்டல்ல ஒயர் எர்த் ஆனா முள் ஃபுல்லுக்கு ஏறும், ஒயர் அறுந்தா காலிக்கு இறங்கும். பழைய காயில் வகைகள் சிலதுல இது தலைகீழ். ஆனா அதைச் செய்யும்போது ஒரு சின்னப் பொறி வரும். டேங்க் சீட்டுக்கு அடியில இருக்கிற வண்டியில அந்தப் பொறி டேங்க் பக்கத்துல வரக் கூடாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கிற அளவுக்கு ஆவியாகும், அந்த ஆவி காத்தைவிடக் கனம், தரையில தேங்கி நிக்கும். அதனால இந்தச் சோதனையைச் செய்றதா இருந்தா மீட்டர் பக்கத்து முனையில செய்யுங்க. ரெண்டு மூணு நொடி, முள் நகர ஆரம்பிச்சதும் எடுத்துடுங்க. ரொம்ப நேரம் பிடிச்சா ஹீட்டர் கம்பி கருகிடும்.

நாங்க அதைக்கூடச் செய்யல. பேட்டரி இல்லாமயே மல்டிமீட்டரால ஒயரோட ரெண்டு முனையையும் சரிபார்த்தோம். நல்லா இருந்தது. ஆக, குற்றவாளி மீட்டர்.

கழற்றும் வரிசை

இப்போ கழற்றலாம். வரிசையா சொல்றேன்.

ஒண்ணு, பேட்டரி. எப்பவும் எர்த் ஒயரை முதல்ல கழட்டுங்க. மத்ததை முதல்ல கழட்டினா, ஸ்பேனர் தவறி பாடியில பட்டா நேரடி ஷார்ட். சில பழைய வண்டிகள்ல பாசிட்டிவ்தான் எர்த். அதனால நிறத்தைப் பார்க்காதீங்க, பாடிக்குப் போற ஒயர் எதுன்னு பாருங்க. வண்டியை வெளியில, காத்தோட்டமான இடத்துல நிறுத்துங்க. பீடி, சிகரெட் பக்கத்துல வேண்டாம்.

ரெண்டு, ஃபோட்டோ. மீட்டருக்குப் பின்னால ஒயர் எது எங்க போகுதுன்னு ஃபோன்ல நாலு பக்கமும் எடுத்துடுங்க. பழைய ஒயரோட நிறத்தை நம்பாதீங்க. எல்லாம் மண் நிறத்துக்கு வந்திருக்கும். ஒவ்வொண்ணுலயும் பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்க.

மூணு, சரியான ஸ்பேனர். இது முக்கியம். அமெரிக்க வம்ச வண்டியில நட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. எட்டுல மூணு இஞ்ச் என்பது 9.5 எம்எம். அதுக்கு 10 எம்எம் ஸ்பேனர் "பிடிக்குதே"ன்னு போட்டுடுவோம். நட்டு சுலபமா வந்தா பரவாயில்ல. துருப்பிடிச்ச நட்டுல அந்த அரை எம்எம் இடைவெளி முனையை மழுக்கிடும். அப்புறம் அது வட்ட நட்டு, எந்த ஸ்பேனரும் பிடிக்காது. புதூர்நாட்டு மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் பழைய இஞ்ச் ஸ்பேனர் செட் ஒண்ணு துணியில சுத்தி வெச்சிருந்தார். அன்னைக்கு எங்களைக் காப்பாத்தினது அதுதான்.

நாலு, பொறுமை. மீட்டரோட முதுகுல ரெண்டு ஸ்டட் நீட்டிக்கிட்டு இருக்கும். அதுல ஒரு இரும்புப் பட்டையை மாட்டி, நட்டுப் போட்டு, மீட்டர் போர்டோட இறுக்கி இருப்பாங்க. எங்க நட்டு அசையவே இல்ல. துரு விடுவிக்கிற எண்ணெய், டபிள்யூடி-40 மாதிரி ஏதாவது, ஒரு துணியில தொட்டு நட்டுல மட்டும் படுற மாதிரி வெச்சுட்டு, ராத்திரி முழுக்க விட்டுட்டோம். நேரா பீய்ச்சி அடிக்காதீங்க, மீட்டர் உள்ள போயிடும். சூடு காட்டுறது, கேஸ் டார்ச், அதெல்லாம் இந்த வண்டியில பேச்சுக்கே இடமில்ல.

அஞ்சு, இதுதான் பலர் தவறவிடுற இடம். நட்டைத் திருப்பும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுத்தக் கூடாது. அந்த ஸ்டட்டோட மறுமுனையிலதான் உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி பத்த வெச்சிருக்கும். ஸ்டட் கால் சுத்து சுத்தினா போதும், கம்பி அறுந்துடும், மீட்டர் உண்மையிலயே செத்துடும். அதனால அடியில இருக்கிற ஒல்லி நட்டை ஒரு ஸ்பேனரால அசையாமப் பிடிச்சுக்கிட்டு, மேல் நட்டை மட்டும் இன்னொண்ணால திருப்பணும். முதல்ல துளி இறுக்கற பக்கம், அப்புறம் தளர்த்துற பக்கம், திரும்ப இறுக்கற பக்கம். மெக்கானிக் அண்ணன் கை அப்படித்தான் போச்சு. கால் மணி நேரத்துல "டிக்"குன்னு ஒரு சத்தம். நட்டு விட்டுடுச்சு.

ஆறு, முகத்தை விடுவிக்கிறது. நட்டு வந்தாச்சு, பட்டை வந்தாச்சு, ஆனா மீட்டர் வெளிய வரல. ஏன்னா ஐம்பது வருஷத்துல யாரோ ரெண்டு தடவை மீட்டர் போர்டுக்கு பெயின்ட் அடிச்சிருக்காங்க. பெயின்ட் மீட்டரோட வளையத்தைப் பசை மாதிரிப் பிடிச்சிடுச்சு. இங்கதான் எல்லாரும் திருப்புளியை விட்டு நெம்புவாங்க. வளையம் நெளிஞ்சிடும், கண்ணாடி விரிஞ்சிடும். நண்பன் தம்பியோட தூண்டில் நரம்பு ஒரு முழம் வாங்கினோம். அதை வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல விட்டு, ரம்பம் மாதிரி இப்படி அப்படி இழுத்தா, பெயின்ட் அறுந்துக்கிட்டே வரும். முழு வட்டம் சுத்தினதும், பின்னால இருந்து ரெண்டு கட்டைவிரலால சமமா அழுத்தினோம். மீட்டர் முன்னாடி கையில வந்து உட்கார்ந்துச்சு.

திறக்கலாமா?

கையில வந்த மீட்டரைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ரேடியம்.

நம்ம ஊர்ல ஆட்டோவுக்கு, ஹெல்மெட்டுக்கு ஒட்டுற ஸ்டிக்கரை ரேடியம் ஸ்டிக்கர்னு சொல்றோம் இல்லையா? அதுல ரேடியம் கிடையாது, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற சாதாரணப் பொருள்தான். ஆனா அந்தப் பேர் ஒரு நிஜமான காலத்தோட மிச்சம். 1960-கள் வரைக்கும் கடிகாரம், விமானக் கருவி, ராணுவ வண்டி மீட்டர் இதுலயெல்லாம் இருட்டுல மின்னுறதுக்கு நிஜ ரேடியம் கலந்த பெயின்ட் பூசினாங்க. ரேடியத்தோட அரை ஆயுள் சுமார் 1600 வருஷம். மின்னுறது நின்னு போயிருந்தாலும் கதிர்வீச்சு நிக்காது. அதனால உங்க கையில இருக்கிறது இரண்டாம் உலகப் போர் காலத்து ராணுவ ஜீப் மீட்டர்னா, எண்கள்லயும் முள்ளுலயும் தடிப்பா, பழுப்பு நிறமா, உதிர்ற மாதிரி பூச்சு இருந்தா, திறக்காதீங்க, சுரண்டாதீங்க, ஊதாதீங்க. கண்ணாடியோட அப்படியே வெச்சுடுங்க.

எங்களோடது அப்படி இல்ல. பிந்தைய காலத்து மீட்டர், சாதாரண வெள்ளைப் பெயின்ட். வளையத்தோட மடிப்பை ஒல்லித் திருப்புளியால கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்தித் திறந்தோம். உள்ள என்ன இருந்தது தெரியுமா? விளக்கு மாட்டுற ஓட்டை வழியா வருஷக்கணக்கா இறங்கின ஈரத்தோட தடம். முள் சுத்துற ஊசியில துரு, பொடிப்பொடியா. முள்ளை அந்தத் துரு பிடிச்சு வெச்சிருந்தது. அவ்வளவுதான். பட்டை நல்லா இருந்தது, கம்பி அறுபடல.

மென்மையான பிரஷ்ஷால துருவைத் தட்டினோம். தையல் ஊசி நுனியில ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனைக்கு மட்டும். கம்பியில படவே கூடாது. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தார். முள் மெல்ல, ரொம்ப மெல்ல, காலிக்கு இறங்குச்சு.

"இப்பத்தான் உண்மையைச் சொல்லுது," அப்படின்னார்.

புதுசா, பழசா?

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். ஏன் இவ்வளவு பாடு? புது மீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டலாமே? மாட்டலாம். ஆனா மிதவையோட ஓம் கணக்கும் புது மீட்டரோட ஓம் கணக்கும் பொருந்தணும். பிரிட்டிஷ் வழி வந்த பைமெட்டல் மிதவைகள் பலதுல காலின்னா ஓம் அதிகம், ஃபுல்னா குறைவு. வேற வகைகள்ல தலைகீழ். பொருந்தாத ஜோடியை மாட்டினா முள் அழகா நகரும், ஆனா தலைகீழாச் சொல்லும். பழைய பொய்யை எடுத்துட்டு புதுப் பொய்யை மாட்டின மாதிரி.

இன்னொரு பேச்சும் வந்தது. சமவெளியில இருந்து ஒருத்தர் இந்த ஜீப்பை விலைக்குக் கேட்டிருக்கார். "வின்டேஜ் பண்ணிடலாம்"னு சொன்னாராம். சட்டம் என்ன சொல்லுதுன்னு சொல்றேன். 2021 ஜூலையில மத்திய அரசு மோட்டார் வாகன விதிகள்ல திருத்தம் கொண்டு வந்தது. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின, சேஸி, பாடி, இன்ஜின் பெருசா மாத்தப்படாத, வணிகத்துக்கு ஓடாத வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ணலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல 'விஏ' என்கிற ரெண்டு எழுத்து வரும். கேட்க நல்லா இருக்கு. ஆனா அப்படிப் பதிவான வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பராமரிக்க, இதுக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தவங்களை இறக்குறது அந்தப் பட்டியல்ல இல்ல. பெரியப்பா ரெண்டு நாள் யோசிச்சார். நல்ல விலை, வீட்டுக்கு ஓடு மாத்த வேண்டிய தேவையும் இருக்கு. கடைசியில சாதாரணப் பதிவையே புதுப்பிச்சுக்கிட்டு ஓட்டுறதா முடிவு பண்ணார். "ஊர்ல இன்னொரு வண்டி வரட்டும், அப்புறம் குடுக்கலாம்"னார். அதை நான் தியாகம்னு எல்லாம் சொல்ல மாட்டேன். அவர் கணக்குல அந்த ஜீப்போட விலை வேற, அவ்வளவுதான்.

மாட்டினதுக்கு அப்புறம்

மீட்டரைத் திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி, எர்த் இருக்கிற இடத்தை உப்புத்தாளால தேய்ச்சுப் பளபளப்பாக்கிடுங்க. பழைய வண்டியில பாதி மின் கோளாறு எர்த் சரியில்லாததாலதான். ஈரம் இறங்கின விளக்கு ஓட்டைக்கு ஒரு ரப்பர் வாஷர் போட்டோம்.

அப்புறம் தங்கச்சி ஒரு வேலை பண்ணா. அதுதான் இந்த எபிசோடுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சமதளத்துல வண்டியை நிறுத்தி, அஞ்சஞ்சு லிட்டரா ஊத்தி, ஒவ்வொரு தடவையும் மூடியைப் போட்டுட்டு, ரெண்டு நிமிஷம் விட்டு, மீட்டர் என்ன காட்டுதுன்னும் குச்சி என்ன காட்டுதுன்னும் பக்கத்துப் பக்கத்துல எழுதினா. மீட்டர்ல பாதி என்பது டேங்க்ல சரியா பாதி இல்லன்னு அப்போ தெரிஞ்சது. மிதவையோட கை வட்டமா நகருது, டேங்க்கோட வடிவமும் நேரா இல்ல, அதனால எந்தப் பழைய மீட்டரும் அப்படித்தான். முள் கால் பங்குக்கு வரும்போது குச்சியில ஒரு வெட்டுக்குக் கொஞ்சம் மேல. அதாவது ஒரு நடை.

அந்த அட்டையை மீட்டர் பக்கத்துலயே ஒட்டிட்டா. அதுல லிட்டர் எழுதல. "கால் = ஒரு நடை. இதுக்குக் கீழ ராத்திரி நிறுத்தாதே"ன்னு எழுதியிருந்தா.

குச்சியை எறிஞ்சிட்டாங்களான்னு நீங்க கேட்பீங்க. இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் சொல்றது சரிதானான்னு குச்சியால பார்க்கிறதா ஏற்பாடு. நம்ம தொழில்ல இதுக்குப் பெரிய பெரிய பேர் இருக்கு. அங்க அது ஒரு மூங்கில் குச்சி.

உங்க வீட்டுல அம்பாசடரோ, பத்மினியோ, பழைய ஜீப்போ, இல்ல தாத்தாவோட ஸ்கூட்டரோ இருந்தா, இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பெட்ரோல் போடும்போது, போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் முள்ளைப் பாருங்க. நகர்ந்தா சந்தோஷம். நகரலன்னா, அடுத்த தடவை அது காட்டுற அளவை நம்பி மலை ஏறாதீங்க.

கழற்றும்போது எங்கயாவது மாட்டிக்கிட்டீங்கன்னா எழுதுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.